தீபாவளிக்குள் மூன்று கடை

நவமணி ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது ஈப்போவில் அவளைப் பற்றிப் பேசுகிறவர்கள், "தனி ஆளா நின்னு கம்ப்யூட்டர் கம்பெனி நடத்துனாளே, என்னா துணிச்சல்லா!" என்று அளந்து விடுகிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. துணிச்சலாவது மண்ணாங்கட்டியாவது. டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே பஸ் கண்டக்டரைப் பார்த்து நடுங்குகிறவள் அவள். அப்புறம், தனி ஆளாம்! பக்கத்திலேயே நான் ஒருத்தி குத்துக்கல்லாக நின்றது யார் கண்ணிலும் படவில்லை போலிருக்கிறது.

நான் லத்தீபா. தெலுக் இந்தானில் மளிகைக் கடை வைத்திருந்த நைனா முகம்மதுவின் மகள். ஜெலாப்பாங்கில் ரேடியோ பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் கணக்குப் பகுதியிலும், நவமணி கம்ப்யூட்டர் அறையிலும் வேலை பார்த்தோம். எண்பத்தாறில் மலேசியா முழுக்க வியாபாரம் படுத்தது. தொழிற்சாலையை மூடினார்கள். ஆளுக்கொரு கவரில் நஷ்டஈட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

நவமணியின் கவருக்கு வேலை காத்திருந்தது. அவளுடைய அம்மா கருப்பம்மாள் சிம்பாங் பூலாய்க்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பாலுக்காக மரம் சீவுகிறவர். புருஷன் இல்லை, வேறு பிள்ளையும் இல்லை. தோட்டத்தை விற்றாகிவிட்டது. வருடக் கடைசிக்குள் தோட்டத்து வரிசை வீடான லயத்தைக் காலி செய்ய வேண்டும். நல்லவேளையாக ஜெலாப்பாங் பக்கம் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு ஒன்றில் மலிவு வீடு ஒன்று அம்மாவின் பெயரில் ஒதுக்கப்பட்டிருந்தது. டிசம்பருக்குள் முன்பணம் கட்டினால் வீடு. கட்டாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு.

அந்த முன்பணத்தைக் கம்ப்யூட்டராக மாற்ற வைத்தது நான்தான். தொழிற்சாலையில் அவள் எழுதிய சாமான் கணக்கு புரோகிராமைப் பார்த்துவிட்டு, பினாங்கிலிருந்து வந்த இன்ஜினியர்களே வாயைப் பிளந்தார்கள். லகாட் ரோட்டில் தோட்டங்களுக்கு மொத்தமாகச் சரக்கு அனுப்புகிற கடைகள் வரிசையாக இருந்தன. ஒரு மூட்டை பருப்பு எங்கே போனது என்று தேட அங்கே ஆளுக்கு அரை நாள் ஆகும். இவர்களுக்கு இதை விற்கலாமே என்று எனக்குத் தோன்றியது. பேங்கில் கேட்டுப் பார்த்தோம். வேலை போன இரண்டு பெண்களுக்கு மேனேஜர் தேத்தண்ணீர் கொடுத்து வழியனுப்பி வைத்தார். ஆகவே அவள் பணம் கம்ப்யூட்டரானது, என் பணம் பிரிண்டரானது. அம்மாவிடம் அவள் எதையும் சொல்லவில்லை. "கட்டிடறேம்மா" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள்.

லகாட் ரோட்டில் மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். முதல் நாளே சண்டை.

"மொதல்ல முழுசா எழுதி முடிச்சிடறேன், லத்தீபா. அப்புறம் விக்கலாம்."

"எப்ப முடியும்?"

"ஒரு வருசம்."

"அதுக்குள்ள லயத்த இடிச்சிருவானுங்க. உங்கம்மா எங்க படுப்பாங்க? இந்தப் பொட்டி மேலயா?"

அவள் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். கழுவி வைத்த கிண்ணத்தை எடுத்து இன்னொரு தடவை கழுவினாள். பயம் வந்தால் அவள் பாத்திரம் கழுவுவாள்.

கடைசியில் சுவரில் சாக்குக்கட்டியால் எழுதினோம். வலது பக்கம் என் வேலை: தீபாவளிக்குள் மூன்று கடை. இடது பக்கம் அவள் வேலை: சாமான் பெயர்கள், ரசீது, கையிருப்பு, பற்றுக்கணக்கு. நான்கையும் முடித்த பிறகுதான் விற்பது என்று அவள் நின்றாள். ஒன்றுமே முடியாவிட்டாலும் விற்பேன் என்று நான் நின்றேன். முதல் இரண்டு முடிந்ததும் முதல் கடை, மற்ற இரண்டும் போகப் போக என்று ஒருவழியாகச் சமாதானம் ஆனது.

"மூணு வேணாம்லா. ரெண்டுன்னு போடு" என்று கெஞ்சினாள்.

"ரெண்டு வித்தா வாடகைக்கும் வயித்துக்கும் சரியாப் போயிரும். மூணாவது கடைதான் உங்கம்மா வீடு. அழிக்கவா?"

அழிக்கவில்லை. அன்றிலிருந்து மூன்றாவது கடைக்கு "அம்மா கடை" என்று பெயராகிவிட்டது. ஒவ்வொரு காலையிலும் அவள் சுவரைப் பார்ப்பாள், உடனே கிண்ணம் கழுவப் பின்கட்டுக்கு ஓடுவாள். நான் கேலி செய்வேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். அடுத்தவள் வீட்டுப் பணத்தில் கைவைத்தவள் நான் அல்லவா?

முதலில் மடங்கியவர் சின்னையா அண்ணன். தெருவிலேயே பெரிய மொத்தக் கடை அவருடையது. அவர் வாங்கினால் மற்றவர்கள் தாமாக வாங்குவார்கள். நான் அவர் கடையில் நடந்த நடையில் என் செருப்பு தேய்ந்துபோனது. ஒருநாள், "சரிலா தங்கச்சி, வர்ற வெள்ளிக்கிழம ராகுகாலத்துக்கு முன்ன கொண்டாந்து வையி. ஓடுதான்னு பாக்குறேன். ஓடுனா எடுத்துக்கிறேன்" என்றார். நான் தலைகால் புரியாமல் மாடிக்கு ஓடினேன்.

நவமணியின் முகம் செத்துவிட்டது. "சாமான் பேரும் ரசீதும் மட்டுந்தான் முடிச்சிருக்கேன். கையிருப்பு இன்னும் பாதியில நிக்குதே."

"பேரு இருக்கில்ல? அது போதும். எவ்வளவு மூட்ட இருக்குன்னு அவருக்குத் தெரியாதா?"

வெள்ளிக்கிழமை காலை கடைக்குள் பெட்டியை வைத்தோம். சின்னையா அண்ணன் திரைக்கு மேல் சந்தனம் வைத்து, குங்குமமும் வைத்தார். சாம்பிராணித் தட்டைப் பெட்டியைச் சுற்றிக் காட்டினார். புகை டிஸ்க் ஓட்டைக்குள் போய்விடுமே என்று நவமணி முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்றாள். சாமான் வாங்க வந்தவர்களெல்லாம் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

"மொத தாளு முருகனுக்கு. ஏதாச்சும் அடிச்சுக் குடும்மா" என்றார் அண்ணன்.

ரசீது ஒன்று அடித்துக் கொடுத்திருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே! "எல்லாச் சாமானையும் அடி, நவமணி. அண்ணே அசந்து போவட்டும்" என்றேன். நவமணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த பீதி அப்போது எனக்குப் புரியவில்லை. பொத்தானை அழுத்தினாள். பிரிண்டர் கிறீச்சென்று கத்திக்கொண்டே தாளைத் தள்ளியது. அண்ணன் பயபக்தியோடு கிழித்து, முருகன் படத்துக்கு முன்னால் இரு கைகளாலும் ஏந்தி நின்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்.

"பெராஸ், தியாடா. காராம், தியாடா. கூஞிட், தியாடா..."

நிறுத்தினார். கீழே பார்த்தார். தாள் முழுக்க, அவர் கடையிலிருந்த அத்தனை சாமானுக்கும் எதிரே அதே சொல். எண்ணிக்கை எதையும் ஏற்றாததால் எல்லாம் பூஜ்யம். பூஜ்யம் என்றால் மலாயில் தியாடா, அதாவது இல்லை, என்று அடிக்கும்படி அவள் எழுதியிருந்தாள்.

"அரிசி இல்லியா?" அண்ணன் குரல் மெதுவாகத்தான் வந்தது. "என் கடையில உப்பு இல்லியா? மஞ்சள் இல்லியா? கற்பூரமும் இல்லியா?"

யாரோ ஒரு அம்மா, "அடக் கடவுளே, வெள்ளிக்கிழம அதுவுமா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எங்கப்பா காலத்துலேருந்து இந்தக் கடையில இல்லைங்கிற வார்த்தைய யாரும் சொன்னதில்ல. தீந்து போனாக்கூட 'வரணும்'னுதான் சொல்லுவோம். சாமி முன்னால நிக்க வச்சு, என் வாயாலயே வரிசையா படிக்க வச்சிட்டீங்களேம்மா!" தாளைச் சாமி கண்ணில் படாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். கோபம் என்று நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், அந்த மனிதருக்கும் பயம். "தூக்குங்க. இப்பவே தூக்கிட்டுப் போங்க."

சந்தனம் குங்குமத்தோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கடை வாசல்களை ஒட்டிய நடைபாதையான அஞ்சடியில் நடந்தோம். இரண்டு பக்கமும் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் கடைக்காரன் மகள். எங்கள் வாப்பா கடையிலும் அதே பழக்கம்தான். இல்லை என்று வாய் தவறிச் சொன்னதற்குச் சின்ன வயதில் அடி வாங்கியிருக்கிறேன். நவமணி எழுதிய சொல் தமிழில் இருந்திருந்தால், அவள் எழுதும்போதே என் காது பிடித்திருக்கும். மலாயில் இருந்ததால், ஏதோ அரசாங்கப் படிவத்துச் சொல் மாதிரி கண்ணைத் தாண்டிப் போய்விட்டது.

"எங்க லயத்துல இல்லாதத இல்லைன்னுதானே சொல்லுவோம்? வேற எப்படிச் சொல்றது?" என்று கேட்டாள் நவமணி. அவளுக்கு அது உண்மையிலேயே விளங்கவில்லை.

மாலைக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. இரண்டாவதாக எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்த சலாஹுதீன் காக்கா ஆள் அனுப்பி, "இப்ப வேணாம்" என்று சொல்லிவிட்டார். சுவரிலிருந்த மூன்று பூஜ்யமானது. நவமணி கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். பிறகு, தண்ணீரை நிறுத்தாமலே, "எங்கம்மா தெருவுல நிக்கப் போவுது, லத்தீபா" என்றாள். அழுதிருந்தால் அதட்டியிருப்பேன். அழவில்லை. பெட்டியை விற்றுவிடலாம் என்று வாங்கின இடத்தில் கேட்டேன். பாதிப் பணம்கூடத் தேறாது என்று சிரித்தார்கள்.

மறுநாள் அவளே ஆரம்பித்தாள். "அந்தண்ணே என்ன சொன்னாரு? தீந்தா என்னன்னு சொல்லுவாங்களாம்?"

"வரணும்."

தியாடாவை அழித்துவிட்டு வரணும் என்று எழுதினாள். தமிழ் எழுத்து அந்தப் பெட்டிக்குத் தெரியாது, ஆங்கில எழுத்தில்தான். பிரிண்டரில் அடித்துப் பார்த்தோம். உப்புக்கு எதிரே VARAN என்று வந்தது. தியாடாவுக்கு அவள் ஒதுக்கியிருந்தது ஐந்து எழுத்துக்கான இடம்தான்.

"உப்புக்கு வரன் வந்திருக்காம்லா! மாப்பிள்ள எந்த ஊராம்?" என்றேன். அந்த வாரத்தில் முதல் தடவையாக அவள் சிரித்தாள். சிரித்து முடித்ததும் இடத்தை அகலப்படுத்த உட்கார்ந்தாள். ஓர் இடத்தை அகட்டினால் பக்கத்துக் கட்டமெல்லாம் நகர்ந்தது. எல்லாவற்றையும் திரும்ப எழுதினாள், கூடவே கையிருப்புப் பகுதியையும் முடித்தாள். பட்டியலில் இல்லாத பெயரைக் கேட்டால்கூடத் திரை வெறுமையாக நிற்கக் கூடாது, அதையும் புதுச் சாமானாகச் சேர்த்துக்கொண்டு 'வரணும்' என்று சொல்ல வேண்டும் என்று செய்து வைத்தாள். இனி எந்தக் கடையிலும் எந்தக் காரணத்தாலும் அந்தப் பெட்டி இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. அவ்வளவு பயம்.

சின்னையா அண்ணன் கடைக்கு நான் மட்டும் போனேன். திட்டித் தீர்க்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணே, அந்தப் பொட்டிக்கு மரியாதை கத்துக் குடுத்துட்டோம். ஒரே ஒரு தடவ மேல வந்து பாருங்க" என்றேன். வந்தார். கடையில் தீர்ந்துபோன ஏலக்காயைக் கேட்கச் சொன்னார். திரையில் VARANUM என்று பச்சையாக எழுந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"கடைக்காரன் பொழப்பு தெரிஞ்ச பொட்டிதான்லா" என்றார். "கொண்டாந்து வையி. ஆனா வெள்ளிக்கிழம வேணாம்."

அவர் கடைக்குச் சொந்தமாக ஒரு பெட்டி வாங்கிப் போட்டு எங்கள் டிஸ்க்கை ஏற்றிக்கொண்டதைப் பார்த்து சலாஹுதீன் காக்காவும் வாங்கினார். இரண்டு. மூன்றாவதுக்கு நான் நாய் படாத பாடு பட்டேன். தெலுக் இந்தான்வரை போய், வாப்பாவின் சிநேகிதர்கள் கடையிலெல்லாம் கெஞ்சினேன். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. எல்லோரும் நல்லவர்கள். "பாக்கலாம்மா, தீபாவளி போவட்டும்" என்றார்கள். தீபாவளியோ இதோ இதோ என்று நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரத்தில்தான் கருப்பம்மாள் வந்தார். மகளுக்கு முறுக்கு எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தவர், உட்காரக்கூட இல்லை.

"வீட்டாபீசுக்குப் போயிட்டுத்தான் வாரேன். முன்பணம் இன்னும் வரலன்னு சொல்றானே அந்த மலாய்க்காரத் தம்பி. கட்டிட்டியா, இல்லியா?"

நவமணி எழுந்து நின்றாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. பயந்தவர்கள் பொய் சொல்வார்கள் என்பார்கள், இவள் அதற்குக்கூடப் பயப்படுகிறவள். வாயைத் திறந்தாள். வெளியே வந்தது ஒரே ஒரு சொல்.

"வரணும்மா."

கருப்பம்மாள் அவளையே பார்த்தார். "இந்த வரணும் எனக்குத் தெரியாதா? எஸ்டேட்டுக் கடையில முப்பது வருசமாக் கேட்டவ நானு. அரிசி வரணும், சீனி வரணும். கடைக்காரன் வரணும்னு சொன்னா இல்லைன்னு அர்த்தம்டி!"

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. கல்லாவுக்கு உள்ளே நின்று வளர்ந்தவள் நான். வெளியே பையோடு நின்றவர்களுக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்டிருக்கும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். கருப்பம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகப் போய்ப் பெட்டியின் முன்னால் நின்றார். விரலால் அதன் தலையைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுக்குள்ளயா என் வீடு இருக்கு?"

நவமணி என் முகத்தைப் பார்த்தாள்.

"கேளு. கருப்பம்மா வீடு எங்கன்னு இதுகிட்ட கேளு."

"அம்மா, அது சாமான் கணக்கும்மா..."

"கேளுடி!"

நவமணி உட்கார்ந்து பெட்டியின் சுவிட்சைப் போட்டாள். விரல்கள் எழுத்து மாறி விழுந்தன, அழித்து அழித்து அடித்தாள். KARUPPAMMAL RUMAH, கருப்பம்மாள் வீடு. பெட்டி கொஞ்சநேரம் கறகறத்தது. பட்டியலில் இல்லாத பெயர். அவள் சொல்லிக்கொடுத்த மரியாதையை மறக்காமல் அது பதில் சொன்னது.

"என்ன சொல்லுது?" என்றார் கருப்பம்மாள். அவருக்குப் படிக்கத் தெரியாது.

நான்தான் படித்துச் சொன்னேன். "வரணும்னு சொல்லுதும்மா."

அவர் முந்தானையை உதறி இடுப்பில் செருகினார். "வரணும்னு சொன்ன கடைக்கு நான் மறுநாளும் போயி நின்னவ. அதுக்கு மறுநாளும் நின்னவ. இங்கயும் வந்து நிப்பேன். சொல்லிட்டேன்."

சொன்னபடியே செய்தார். தீபாவளி இரண்டு கடையோடு போனது. டிசம்பரில் வீடு வரிசையில் அடுத்தவருக்குப் போனது. லயத்தை இடிப்பதற்கு முன்னால், பாயும் பானையுமாக எங்கள் மாடிக்கே வந்துவிட்டார். ஆபீசில் கொடுத்த புது விண்ணப்பத்தில் மறுபடி கைநாட்டு வைத்தார். தினமும் காலையில் கோப்பி போட்டுக் கொடுத்துவிட்டுப் பெட்டியின் முன்னால் நிற்பார். "கேளு" என்பார். நவமணி கேட்பாள். VARANUM. அவருக்கு அந்த எழுத்துகளின் உருவம் பழகிவிட்டது, நாங்கள் படித்துச் சொல்ல வேண்டியதில்லாமல் போனது. உலகத்தில் எந்த வாடிக்கையாளருக்கும் நவமணி அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பயத்தில்தான் பற்றுக்கணக்கை எழுதி முடித்தாள். அந்தப் பயத்தில்தான் நானும் தைப்பூசம் முடிந்த கையோடு மூன்றாவது கடையை விற்றேன், பிறகு நாலாவது, ஐந்தாவது. எல்லா டிஸ்க்கிலும் அந்தச் சாமானும் கூடவே போனது. அதை அழிக்க நவமணிக்குக் கை வரவில்லை. "இதென்னாம்மா கருப்பம்மாள் வீடு? எந்தக் கம்பெனி சரக்கு?" என்று கடைக்காரர்கள் போன் செய்து கேட்பார்கள். என்ன சொல்வது? வரணும் என்போம்.

எண்பத்தொன்பதில் வீடு வந்தது. அதே தாமான்தான், வேறு வரிசை. சாவி கைக்கு வந்த பிறகும் நவமணி நம்பவில்லை. கருப்பம்மாள் வீட்டைப் பார்க்கக் கிளம்பாமல் பெட்டியின் முன்னால் வந்து நின்றார். "மொதல்ல கேளு" என்றார்.

நவமணி கையிருப்பில் ஒன்று என்று அடித்தாள். அடித்தவள், பொத்தானை அழுத்தப் பயந்து விரலைத் தூக்கிக்கொண்டே இருந்தாள். கருப்பம்மாள் எட்டித் தாமே அழுத்தினார். மூன்று வருடமாக அங்கே நின்ற நீளமான சொல் மறைந்து, சின்னதாக ஒன்று வந்தது: ADA.

கருப்பம்மாள் பதறிப்போனார். "எழுத்து கொறஞ்சு போச்சே! என்னடி ஆச்சு? போயிருச்சா?"

"அடான்னு சொல்லுதும்மா" என்றேன். "மலாயில, இருக்குன்னு சொல்லுது."

கருப்பம்மாள் திரையை ஒருதடவை தொட்டுப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தார்.

"புது வீட்டுக்கு மொதல்ல உப்பு கொண்டு போவணும். சின்னையா கடையில இருக்கா பாரு. வரணும்னு மட்டும் சொல்லட்டும், அப்புறம் இருக்கு அவனுக்கு."